ஏறும் நீரும் தங்கும் நீரும்

தளம் போட்ட சிறு மீன்பிடிப் படகில் நீர் ஏறாமல் இருக்காது. அலை பக்கச்சுவரைத் தாண்டி விழும், மழை பெய்யும், வலையோடும் மீனோடும் கடல் வந்து கொட்டும், மீனை அள்ளிய பிறகு செதிலையும் குருதியையும் கழுவிவிட மேலும் நாலு வாளி மொண்டு ஊற்றுவார்கள். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 0.9 கன மீட்டர். கடல்நீர் என்றால் அதன் எடை ஏறத்தாழ 920 கிலோ. அந்த எடை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே பழைய படகைப் புதுப்பிப்பவர் வண்ணத்தைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் யோசிப்பதற்கு முன்பே, ஏறிய நீர் எவ்வழியே, எவ்வளவு விரைவில் வெளியேறும் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும்.

இதே கேள்வியைச் சமயங்கள் வேறொரு பொருளில் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றன. உடல் படகு, பிறவி கடல், உள்ளே புகும் நீர் வினை அல்லது பாவம் அல்லது ஆசை என்ற உருவகம் சமணத்திலும் பௌத்தத்திலும் கிறித்தவத்திலும் உண்டு. உருவகம் பழகிப் போனதால் அதற்குள் இருக்கும் முடிச்சு எளிதில் கண்ணில் படுவதில்லை. கெடுதி நீர் நுழைவதில் இருக்கிறதா, தங்குவதில் இருக்கிறதா? நுழைவதில் என்றால் எல்லாத் துளைகளையும் அடைப்பதே அறம். தங்குவதில் என்றால் சரியான இடத்தில் துளை போடுவதும் அறமாகிவிடும்.

படகைப் பொறுத்தவரை இருக்கும் வழிகள் சிலவே. மிகப் பழையது, நீரை அடிக்கு விட்டுவிடுவது. திறந்த படகிலும், பலகைகளை எடுத்துப் போடும்படி பரப்பிய படகிலும் விழுந்த நீர் இடுக்கு வழியே கீழே இறங்கும். வங்குகளின் (படகின் விலா மரங்களின்) அடியில், ஏரா என்ற அடிமரத்தை ஒட்டிச் சிறு காடி வெட்டியிருப்பார்கள். நீர் அதன் வழியே ஓடி மிகத் தாழ்ந்த குழியில் சேரும். அங்கிருந்து ஆள் இறைக்க வேண்டும், அல்லது பம்பு இறைக்க வேண்டும். இதில் தளத்தில் நீர் நிற்பது அறவே இல்லை, ஆனால் எல்லாப் பொறுப்பும் இறைக்கும் கையின் மீது விழுகிறது. காடியில் செதிலும் மரத்தூளும் தாரும் அடைத்துக்கொண்டால் குழி வறண்டு கிடக்கும், வங்குகளுக்கு இடையே நீர் தேங்கி நிற்கும். குழியை மட்டும் பார்ப்பவர் படகு காய்ந்திருப்பதாகவே நம்புவார். அடைப்பு எடுப்பதற்காகக் காடிகளின் வழியே நீளச் சங்கிலி ஒன்றைக் கோத்துவைத்து, அவ்வப்போது முன்னும் பின்னும் இழுத்துவிடும் வழக்கம் பழைய மரக்கப்பல்களில் இருந்தது.

இரண்டாவது வழி, நீர் புகாத தளம் போட்டு, நடுவை உயர்த்தி இருபுறமும் சரித்து, பக்கச்சுவரின் அடியில் வடிதுளைகள் விடுவது. சிறு துளைகள் மழைக்கும் கழுவுநீருக்கும் போதும். அலை ஏறினால் அவை போதாது. சுவரில் அகலமான திறப்புகளே வேண்டும். பெருங்கப்பல்களுக்கான 1966ஆம் ஆண்டின் சுமைக்கோட்டு உடன்படிக்கை இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது: பக்கச்சுவர் 20 மீட்டர் வரை நீளமானால், அந்த நீளத்தை மீட்டரில் எடுத்து 0.035ஆல் பெருக்கி 0.7ஐக் கூட்டினால், ஒவ்வொரு பக்கமும் இருக்க வேண்டிய திறப்பின் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். 10 மீட்டர் சுவருக்கு அது 1.05 சதுர மீட்டர், அதாவது ஒரு சன்னலைக் காட்டிலும் பெரிது. சிறு படகுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், கட்டைவிரல் நுழையும் துளை நாலைந்து போதும் என்ற எண்ணத்தை இது உடைத்துவிடும்.

பழைய படகைத் தரையேற்றிப் பார்க்கும்போது பெரும்பாலும் தெரிவது வேறொன்று. துளைகள் இருக்கும், ஆனால் மூடியிருக்கும். கால் நனையக் கூடாது என்று ஒரு கட்டத்தில் மரத்தக்கை அடித்திருப்பார்கள்; சிறு மீன் நழுவிப் போகிறதென்று பலகை வைத்திருப்பார்கள்; மேலே மேலே பூசிய வண்ணம் மிச்சத்தை முடித்திருக்கும். அகலத் திறப்புகளின் மடிப்புக் கதவுகளைக் கயிற்றால் கட்டிவைத்திருப்பதும் உண்டு. தக்கையைத் தட்டி எடுத்துவிட்டு அதன் ஓரத்து மரத்தில் கத்தி முனையை அழுத்தினால், ஈரக் கேக்கில் இறங்குவதுபோல் இறங்கும். துளைக்குப் பின்னால் நிற்கும் வங்கின் தலை கறுத்து, நார் நாராகப் பிரிந்து வரும். நீரை உள்ளே புகவிடாமல் காத்த இடத்திலேயே உளுத்தல் தொடங்கியிருக்கும்.

மூன்றாவது வழி, தளத்தையே கடல்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, நீர் தானே ஓடிவிடும்படி அமைப்பது. மூலையில் குழாய் வைத்து அதைப் படகின் பக்கத்துக்கோ, கடையால் என்ற பின்பகுதிக்கோ கொண்டுபோய் விடுவார்கள். இறைக்க ஆள் வேண்டாம், பம்பு வேண்டாம். ஆனால் தளம் உயர்ந்தால் அதன்மேல் நிற்கும் ஆளும் மீனும் பனிக்கட்டியும் உயரும். படகின் நிலைத்தன்மை குறையும். தளம் கடல்மட்டத்துக்கு மேலே இருப்பது வெறும் படகில் மட்டும் போதாது, முழுச் சுமையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியேற்ற வைத்த குழாயே கடலை உள்ளே கொண்டுவரும். அதைத் தடுக்க ஒருவழி அடைப்பான் போடுவார்கள். ஒரு மீன் செதில் அதன் உதட்டில் சிக்கினால் அடைப்பான் இருவழியாகிவிடும். பழைய கனத்த எஞ்சினை எடுத்துவிட்டுப் புதிய இலேசான எஞ்சின் வைத்த படகில் கடையால் உயர்ந்து, தளத்தின் தாழ்ந்த இடமே மாறிப்போயிருக்கும். பழைய துளைகள் மேட்டில் நிற்கும். ஆகவே எஞ்சினும் தொட்டிகளும் ஏறி, படகு மிதந்து, அதன் சாய்மானம் தெரியும் வரை துளை போடாமல் காத்திருப்பதே அறிவு.

நாலாவதாக ஒன்று வழக்கத்தில் இருக்கிறது. அதை வழி என்பதைவிட ஆசை என்பது பொருத்தம். பழைய மரத்தளத்தின்மேல் ஃபைபர் பூசி, ஓர் ஊசி முனை இடைவெளியும் இல்லாமல் மூடிவிடுவது. சில காலம் அழகாக இருக்கும். மரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும், பூச்சு அவ்வளவு அசையாது. ஒரு திருகாணியின் அடியில் மயிரிழை விட்டால் போதும், மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழி இராது. கடல்நீரின் உப்பு பூஞ்சைக்கு ஆகாது. மழைநீரே மரப்படகின் பகைவன். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்துவிட்டால் பூஞ்சைக்கு அது போதும். முழுவதும் மூடிய தளம் கீழிருந்து உளுப்பதற்கு இதுவே காரணம்.

இனி உருவகத்துக்கு வரலாம். சுவேதாம்பர சமணரின் உத்தராத்தியயன சூத்திரம் 23ஆம் அத்தியாயத்தில், பார்சுவநாதர் மரபைச் சேர்ந்த கேசியும் மகாவீரரின் மாணவர் கௌதமரும் சிராவஸ்தியில் சந்தித்து உரையாடுகிறார்கள். பெருவெள்ளத்தில் அலைக்கழியும் படகைக் கொண்டு எப்படிக் கரை சேர்வது என்று கேசி கேட்க, ஓட்டைப் படகு கரை சேராது, ஓட்டையில்லாத படகு சேரும் என்கிறார் கௌதமர். உடல் படகு, உயிர் படகோட்டி, பிறவிச் சுழல் கடல். தட்சிணேசுவரத்தில் கங்கைக்கரையில் வாழ்ந்த இராமகிருஷ்ணர் இதை இன்னும் சுருக்கிச் சொன்னார்: படகு நீரில் இருப்பதில் குற்றமில்லை, நீர் படகில் இருப்பதுதான் குற்றம், இல்லறத்தார் உலகில் இருக்கலாம், உலகம் அவர்களுக்குள் இருக்கக் கூடாது. தமிழகத்தில் இல்லறத்தாருக்கு ஆன்மிகம் பேசும் மேடைகளில் இது அடிக்கடி கேட்கும் வாக்கு.

இரண்டையும் மேலோட்டமாகக் கேட்டால் அடைப்பதே வழி என்று தோன்றும். ஆனால் தளம் போட்ட எந்த மீன்பிடிப் படகும் இராமகிருஷ்ணரின் விதியை நாள்தோறும் மீறுகிறது. நீர் படகில் இருக்கத்தான் செய்கிறது. அது எத்தனை நொடி இருக்கிறது என்பதில்தான் நல்ல படகும் கெட்ட படகும் வேறுபடுகின்றன.

இறைப்பதைப் பேசிய மரபுகள் இந்த உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தவை. தம்மபதத்தின் 369ஆம் செய்யுளில் புத்தர் பிக்குவைப் பார்த்துப் படகை இறைக்கச் சொல்கிறார். இறைத்தால் அது இலேசாகும், விருப்பையும் வெறுப்பையும் அறுத்தால் நிப்பானத்தை (நிர்வாணத்தை) அடையலாம் என்பது பொருள். ஓட்டையை அடை என்ற சொல் அங்கே இல்லை. நீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்ற நிலையிலிருந்தே அச்செய்யுள் தொடங்குகிறது.

கிறித்தவத்தில் இந்த உருவகத்தை மிகக் கூர்மையாகக் கையாண்டவர் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரையில் இருந்த துறைமுக நகரம் அது. அவருடைய பிரசங்கத்தைக் கேட்டவர்களுக்குக் கப்பலின் அடிநீர் புதிதல்ல. பெரிய அலை ஒன்று வந்து ஒரே அடியில் கப்பலை மூழ்கடிப்பதும், சிறு இடுக்குகளில் கசிந்த நீரைக் கவனிக்காமல் விட்டதால் கப்பல் மூழ்குவதும் முடிவில் ஒன்றே என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். சிறு பாவங்கள் அப்படிக் கசிபவை. ஜெபமும் உபவாசமும் தருமமும் பிறரை மன்னிப்பதும் அந்த நீரை இறைக்கும் கைகள்.

இது வெறும் அலங்காரம் அல்ல. இதன் பின்னால் ஒரு கடும் வழக்கு இருந்தது. மனிதன் விரும்பினால் பாவமே செய்யாமல் வாழ முடியும் என்று அகுஸ்தீனின் காலத்துப் போதகர் பெலாஜியஸ் போதித்தார். கசிவே இல்லாத படகு கட்டலாம் என்பதற்கு அது நிகர். அகுஸ்தீனின் தரப்பு, இவ்வுலகில் அப்படி ஒரு படகு இல்லை என்பது. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம் அகுஸ்தீனின் பக்கம் நின்றது. கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் அன்றாட ஜெபத்தைப் புனிதர்கள் தமக்காக அல்லாமல் மற்றவர்களுக்காகச் சொல்கிறார்கள் என்றோ, பணிவுக்காக வாயளவில் சொல்கிறார்கள் என்றோ வாதிடுபவர்களை அச்சங்கம் கண்டித்தது. புனிதரின் படகிலும் கசிவு உண்டு, அவரும் உண்மையாகவே இறைக்கிறார் என்பதே அந்தத் தீர்ப்பு. பெலாஜியஸின் நிலைப்பாடு ஒழுக்கத்தை உயர்த்துவதாகத் தோன்றினாலும், நடைமுறையில் அது ஃபைபர் பூசிய தளத்தின் நிலைக்கே கொண்டுபோகும்: கசிவு இல்லை என்று நம்புகிறவர் அடியைத் திறந்து பார்ப்பதில்லை.

அடைத்தலையும் இறைத்தலையும் தனித்தனியே பிரித்து, இரண்டுக்கும் இடம் கொடுத்து, ஒழுங்கான தத்துவமாக்கியது சமணமே. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் எண்ணும் தத்துவங்களில் வினை உள்ளே பாய்வது ஒன்று, அது உயிரோடு கட்டுண்பது ஒன்று, பாய்வது தடைபடுவது ஒன்று, கட்டுண்டது கழிவது ஒன்று. தமிழ்ச் சமணர் இவற்றை ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என்று வழங்கினர். உரையாசிரியர்கள் விளக்கத்துக்கு எடுத்ததும் படகுதான்: துளை வழியே நீர் வருவது ஊற்று, துளையை அடைப்பது செறிப்பு, உள்ளே இருப்பதை வெளியேற்றுவது உதிர்ப்பு. இந்த உதிர்ப்பிலும் இரண்டு வகை. வினை தன் பயனைக் கொடுத்து முடிந்து தானே கழிவது ஒன்று. பயன் தரும் காலத்துக்கு முன்பே தவத்தால் கழிப்பது மற்றொன்று. முன்னது தானே வடிவது, பின்னது இறைப்பது.

இங்கே கவனிக்க வேண்டியது நான்கில் இரண்டாவதாக உள்ள கட்டு. ஊற்றும் கட்டும் ஒன்றானால் அவற்றைத் தனித்தனித் தத்துவமாக எண்ண வேண்டிய தேவையே இல்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இதைத் தெளிவாக்குகிறது. சினம், செருக்கு, வஞ்சம், பற்று ஆகிய கஷாயங்கள் உள்ளவரிடம் பாயும் வினை ஒட்டிக்கொள்ளும், நெடுங்காலம் நிற்கும். கஷாயம் நீங்கியவரிடமும் மனம், வாக்கு, உடல் மூன்றும் இயங்கும் வரை வினை பாய்வது நிற்பதில்லை. ஆனால் அது ஒட்டுவதில்லை. வந்த கணத்தை அடுத்து அகன்றுவிடுகிறது. இதற்கு ஈர்யாபதம் என்று பெயர். முற்றறிவு பெற்ற கேவலி, உடலோடு உலவி அறம் உரைக்கும் பதின்மூன்றாம் குணத்தானம் என்ற ஆன்மிகப் படியில் இந்நிலையில்தான் இருக்கிறார். உடலும் இயக்கமும் ஒடுங்கும் பதினான்காம் நிலையில், முத்திக்குச் சற்று முன்னர்தான் பாய்வது முழுதாக நிற்கிறது.

சமணத்தை அடைப்பின் சமயம் என்று மட்டும் புரிந்துகொள்வது எவ்வளவு குறையானது என்பதற்கு இது சான்று. அதன் மிக உயர்ந்த மனிதரின் தளத்திலும் நீர் ஏறுகிறது, நிற்பதில்லை, அவ்வளவுதான். செறிப்பைப் பற்றிய ஒன்பதாம் அத்தியாயமும் வெறும் அடைப்பைச் சொல்லவில்லை. குப்தி என்பது மனத்தையும் வாக்கையும் உடலையும் அடக்குவது. அதை அடுத்து வரும் சமிதி, நடப்பதையும் பேசுவதையும் உணவு ஏற்பதையும் பொருளை எடுத்து வைப்பதையும் விடாமலே கவனத்தோடு செய்வது. குப்தி தக்கை என்றால் சமிதி மடிப்புக் கதவு. துறவியால்கூட எப்போதும் தக்கையோடு வாழ முடியாது என்பதை உணர்ந்தே இரண்டும் வைக்கப்பட்டிருக்கின்றன.

கிறித்தவ நற்செய்தியிலும் இதற்கு இணையான இடம் உண்டு. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கை கழுவாமல் உண்பது பற்றிய வழக்கு எழும்போது, வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டாக்காது, உள்ளிருந்து புறப்படுவதே தீட்டாக்கும் என்று இயேசு விடை சொல்கிறார். உணவு வயிற்றுக்குப் போய் வெளியேறிவிடுகிறது, இதயத்துக்குப் போவதில்லை என்பது அவர் தரும் காரணம். உடலுக்கே ஒரு வடிகால் இருக்கிறது என்பதில்தான் அந்த வாதம் ஊன்றி நிற்கிறது. கீதையின் ஐந்தாம் அத்தியாயம் பற்றின்றிச் செயல்படுகிறவனைத் தாமரை இலைக்கு ஒப்பிடுவதிலும் நீர் விழுவதை மறுப்பதில்லை. இலை நனையாமல் இருப்பதையே பேசுகிறது.

பௌத்தம் இதை இன்னொரு கோணத்தில் வைக்கிறது. புலனும் பொருளும் சேர்ந்தால் தொடர்பு, தொடர்பிலிருந்து நுகர்ச்சி, நுகர்ச்சியிலிருந்து வேட்கை. இந்தச் சங்கிலியில் நுகர்ச்சி வரைக்கும், வேட்கையை முழுதும் அறுத்த பௌத்த அருகருக்கும் தப்பாது. அறுபடக்கூடிய கண்ணி வேட்கையில்தான் இருக்கிறது. அதே நேரத்தில் மச்சிம நிகாயத்தின் இரண்டாம் சூத்திரம் மனக்கசடுகளைக் களைய ஏழு வழிகளைச் சொல்லும்போது, காண்பது, புலன்களைக் காப்பது, பொருள்களை அளவறிந்து பயன்படுத்துவது, பொறுப்பது, விலகுவது, நீக்குவது, வளர்ப்பது என்று பலவற்றையும் அடுக்குகிறது. ஒரே வழியால் எல்லாக் கசடும் போகாது என்ற அனுபவ அறிவு அதில் இருக்கிறது. காடியும் துளையும் கதவும் பம்பும் சேர்ந்தே ஒரு படகைக் காப்பாற்றுவதும் இப்படித்தான்.

தங்குவதே கெடுதி என்ற நிலைப்பாட்டுக்கு எதிராக வலுவான ஒரு கேள்வி உண்டு. வடிகால் இருக்கிறது என்றால் எவ்வளவு நீர் ஏறினாலும் கவலையில்லையா? மன்னிப்பு உண்டு என்பதால் பாவம் செய்யலாமா என்ற பழைய கேள்விதான் இது. படகு இதற்குக் கணக்கால் விடை சொல்கிறது. துளையின் பரப்புக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேற்பட்ட நீர் அடுத்த அலைக்கு முன் வெளியேறாது. வடிகால் நன்றாக இருக்கும் படகையும் அலைக்குக் குறுக்கே நிறுத்தினால் கவிழும். ஆகவே பக்கச்சுவர் தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை. சுவர் அலையைக் குறைக்கிறது, துளை மிச்சத்தை விடுகிறது. சுவரை உயர்த்த உயர்த்தத் துளையையும் பெரிதாக்க வேண்டும் என்பது படகுக் கட்டுமானத்தில் மறுக்க முடியாத விதி. உயர்ந்த சுவருக்குள் அதிக நீர் நிற்கும் என்பதே காரணம். கடும் நோன்புகளைக் கொண்ட சமயங்களிலேயே குற்ற ஒப்புதலும் கழுவாயும் விரிவாக வளர்ந்திருப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

வேறொரு எதிர்வாதம் கலிலேயக் கடல் எனப்படும் ஏரியிலிருந்து வருகிறது. 1986இல் வறட்சியால் அந்த ஏரியின் மட்டம் இறங்கியபோது, கினோசார் அருகே சேற்றில் புதைந்த ஒரு மீன்பிடிப் படகை இரு மீனவச் சகோதரர்கள் கண்டார்கள். நீளம் ஏறத்தாழ 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். இயேசுவின் காலத்தை ஒட்டிய படகு. கேதுரு மரப் பலகைகளும் கருவாலி வங்குகளும் முதன்மையாக இருந்தாலும், ஒட்டுப்போட்ட துண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட மரவகைகள் கலந்திருந்தன. கிடைத்த கட்டையை வைத்துத் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்த ஏழைப் படகு அது. இரண்டாயிரம் ஆண்டு நீர் தங்கியும் அது உளுத்துவிடவில்லை. சேற்றுக்கு அடியில் காற்று இல்லை. காற்றில்லாமல் பூஞ்சை வாழாது. வெளியே எடுத்தபோது ஆபத்து எதிர்த்திசையில் வந்தது: நீர் வடிந்து காய்ந்தால் மரத்தின் உயிரணுச் சுவர்கள் நொறுங்கிவிடும். அதனால் படகைப் பாலியூரித்தேன் நுரையால் போர்த்தி, மிதக்கவிட்டே கரைக்குக் கொண்டுவந்து, தொட்டியில் இட்டு, மரத்துக்குள் இருந்த நீருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுப் பொருளைப் பல ஆண்டுகள் ஊறவைத்து ஏற்றினார்கள். இன்று அது கினோசாரில் யிகால் அலோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தங்கும் நீர் எப்போதும் கெடுதி என்ற வாய்பாட்டை இப்படகு உடைக்கிறது. முழுதும் மூழ்கிய மரமும் முழுதும் காய்ந்த மரமும் உளுப்பதில்லை. அரை ஈரம், அதோடு காற்று, இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் உளுத்தல். ஆனாலும் அந்த விதிவிலக்கு மூழ்கிய படகுக்கே உரியது. சேற்றில் கிடந்த காலத்தில் அது மீன் பிடிக்கவில்லை. மாற்கு நான்காம் அதிகாரம் விவரிக்கும் புயலில், அதே ஏரியில், அதே மாதிரியான ஒரு படகில் அலை விழுந்து நீர் நிரம்பத் தொடங்குகிறது, இயேசு கடையால் பக்கம் உறங்குகிறார், சீடர்கள் அலறுகிறார்கள். ஓடும் படகுக்கு நீர் நிரம்புவது என்றால் என்ன என்பதை அந்தச் சீடர்களில் மீனவர்களாக இருந்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

உருவகத்தின் எல்லையைக் காட்டும் கலம் சோழமண்டலக் கரையில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கட்டுமரத்தில் நீர் வடிவதற்குத் துளை தேவையில்லை. இலேசான மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டியது அது. அலை மேலே விழுந்தால் இடுக்கு வழியே அப்போதே கீழே இறங்கிவிடும். இறைக்க வேண்டியதில்லை, அடைக்க வேண்டியதில்லை, கவிழ்ந்தாலும் மூழ்காது. கரை வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவார்கள். இதெல்லாம் முடிவதற்குக் காரணம் ஒன்றே: அதற்கு உள் என்று ஒன்று கிடையாது. நீரால் நிரம்புவதற்கு ஒரு குடைவு வேண்டும். கட்டுமரத்தில் குடைவே இல்லை.

சமணமும் பௌத்தமும் பிரியும் இடத்தை இதைவிடத் துலக்கமாகக் காட்டுவது கடினம். சமணத்துக்குப் படகில் ஓர் உயிர் இருக்கிறது. வினை அதன்மேல் படிகிறது. படிந்ததை உதிர்த்து அந்த உயிரை அதன் இயல்பில் விட வேண்டும். பௌத்தத்துக்கு உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்து கந்தங்களின் கட்டு மட்டுமே உண்டு. கட்டை அவிழ்த்தால் கந்தங்களுக்கு நடுவே உள்ளே ஒளிந்திருக்கும் ஒருவரும் இல்லை. அந்தக் கோணத்தில், நீர் எங்கே தங்குகிறது என்று கேட்பதே பிழையான கேள்வி. தங்குவதற்கு இடம் இருப்பதாக நினைப்பதுதான் திருத்தப்பட வேண்டியது. சமணர் இதற்குச் சொல்லும் மறுப்பும் வலுவானது: உள்ளே ஒருவரும் இல்லையென்றால் வினை செய்தவரும் பயன் நுகர்பவரும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம்? தமிழில் நீலகேசி என்ற சமணக் காப்பியம் பௌத்தரோடு நடத்தும் வாதங்களில் இது முதன்மையான ஒன்று. கட்டுமரம் மூழ்காது என்பது உண்மை; அதில் போகிறவர் எப்போதும் நனைந்தே இருக்கிறார் என்பதும், பிடித்த மீனையும் வலையையும் கட்டி வைக்கவில்லையென்றால் அவையும் இடுக்கு வழியே போகும் என்பதும் உண்மை.

சமய நடைமுறையைப் பார்த்தால் பெரும்பாலும் எல்லா மரபும் இறைப்பிலேயே நிற்கிறது, தானே வடிவதில் அல்ல. சமணத்தில் பிரதிக்கிரமணம் என்ற குற்றம் நினைந்து மீளும் வழிபாடு காலையும் மாலையும் உண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என்று விரிந்த வடிவங்களும் உண்டு. பௌத்த சங்கத்தில் பாதிமோக்க விதிகளை ஒப்பித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உபோசதம் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும். அகுஸ்தீனின் ஜெபம் அன்றாடம். மரப்படகின் பராமரிப்பும் இப்படித்தான் அடுக்கடுக்காக அமைகிறது: அடிநீரை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும், காடியையும் துளையையும் சில வாரங்களுக்கு ஒருமுறை குத்திவிட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றிக் கலப்பத்துப் பார்த்துப் பலகை இடுக்குகளைப் புதிதாக அடைக்க வேண்டும். ஆண்டுப் பணியைச் செய்துவிட்டதால் அன்றாடப் பணியை விட்டுவிடலாம் என்று எந்த மரபும் சொல்லவில்லை. தானே வடியும் தளம் கேவலிக்கும் அருகருக்கும் உரியதாகவே நூல்களில் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கு சேர்வதற்கு நூல்கள் சொல்லும் வழியும் துளைகளைக் கூட்டுவது அல்ல. சமணத்தில் அது கஷாயங்களைத் தேய்ப்பது, பௌத்தத்தில் வேட்கையை அறுப்பது. தளத்தின் சாய்மானத்தை மாற்றும் வேலை அது. சாய்மானம் மாறினால் பழைய துளைகளே போதும்.